கர்ப்பிணிக்கு முதல் பந்தி!

கள்ளக்குறிச்சி பஸ் நிலையம். வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்துச் சிமெண்டு பெஞ்சியில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இருவரும் கர்ப்பிணிகள். இருவருமே ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு வந்தவர்கள். இருவர் முகத்திலும் கவலை.

ஒருத்தி டவுனைச் சேர்ந்தவள். பூசினாற்போன்ற உடம்பு. ஏழாவது மாதம். "அதுக்குள்ளே பன்னிரண்டு கிலோ ஏறிடுச்சிக்கா. 'என்ன இப்படி ஊதிட்டே'ன்னு நாத்தனார் கேலி பண்றாங்க. இன்னையிலேர்ந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திடப் போறேன்" என்றாள்.

மற்றவள் கல்வராயன் மலைக்காரி. மெலிந்த தேகம். அவளுக்கும் ஏழாவது மாதந்தான். "எனக்கு மூணு கிலோதான் ஏறியிருக்குதாம். நர்சம்மா கோவிச்சிக்கிட்டாங்க. பிள்ளை பெரிசா வளர்ந்தா பிரசவம் கஷ்டமாப் போயிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க. அதான் ரெண்டு மாசமா ராத்திரியிலே அரை வயித்துக்குத்தான் சாப்பிடுறேன்" என்றாள்.

வேடிக்கையைப் பார்த்தீர்களா? ஒருத்திக்கு எடை கூடிவிட்டதே என்ற கவலை. இன்னொருத்திக்கு எடை கூடிவிடப் போகிறதே என்ற பயம். ஆனால் இருவரும் கண்டுபிடித்த மருந்து ஒன்றே: ராத்திரிப் பட்டினி!

அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அதே தவற்றை நானும் செய்தவள்தான். முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, படித்த பெண் என்ற பெருமையோடு தினமும் காலையில் எடை மிஷின்மேல் ஏறி நிற்பேன். அரைக் கிலோ கூடினால் அன்றைய பொழுது முழுவதும் முகம் வாடிவிடும். மாலை ஆகாரத்தைக் குறைத்தேன். பாலை நிறுத்தினேன். ஒரு நாள் ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுச் சத்து 9 என்று வந்தது. 11-க்குக் குறைந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்பது கணக்கு. சுகாதார நிலையத்து நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்து, "பட்டினி போடுவது உன்னையா, குழந்தையையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் சொல்ல என் பி.ஏ. படிப்பு உதவவில்லை.

அன்று அந்த நர்ஸ் எனக்குச் சொன்னதையும், அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், என் அபிப்பிராயத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஏறிய எடை எங்கே போகிறது?

கர்ப்ப காலத்தில் கூடும் எடை முழுவதும் கொழுப்பு என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். அது தவறு. மளிகைக் கடைச் சிட்டையைப் போல ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நிறைமாதக் குழந்தை ஏறக்குறைய 3 கிலோ. நஞ்சு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். குழந்தை மிதக்கும் பனிக்குட நீர் முக்கால் கிலோவுக்குக் குறையாது. பெருத்துவிட்ட கருப்பை சுமார் 900 கிராம். பாலூட்டத் தயாராகும் மார்பகம் சுமார் 400 கிராம். தாயின் உடம்பில் புதிதாக ஊறும் ரத்தம் 1¼ கிலோவுக்கு மேல். உடம்பில் தங்கும் நீர் ஒன்றரைக் கிலோ. இவ்வளவும் போகத் தாய் சேர்த்து வைக்கும் கொழுப்பு சுமார் 3 கிலோ.

கூட்டினால் 11 கிலோவுக்கு மேல் வருகிறது. இதில் கொழுப்பு கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதுவும் வீண் சேமிப்பு அல்ல. குழந்தை பிறந்த பிறகு தாய்ப்பால் சுரக்க உதவும் முதல் அது. பால் கொடுக்கக் கொடுக்க அது கரையும்.

ஆகவே, "பத்துக் கிலோ ஏறிவிட்டேன்" என்று அழுவதில் அர்த்தமில்லை. அதில் பெரும்பகுதி குழந்தை, குழந்தையின் வீடு, அந்த வீட்டுக்கு வேண்டிய ரத்தமும் தண்ணீரும்தான்.

எவ்வளவு ஏறலாம்?

"எல்லாம் சரி, எனக்கு எத்தனை கிலோ?" என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. எந்த எடையிலிருந்து கிளம்பினோம் என்பதைப் பொறுத்தது அது.

அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2009-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. கர்ப்பத்துக்கு முன் மெலிந்திருந்த பெண்ணுக்கு 12½ முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். சாதாரண எடையுள்ளவளுக்கு 11½ முதல் 16 வரை. சற்றுப் பருத்தவளுக்கு 7 முதல் 11½ வரை. மிகவும் பருத்தவளுக்கு 5 முதல் 9 வரை. நம் நாட்டு நிபுணர்கள், சாதாரண எடையுள்ள நம் பெண்களுக்கு 10 முதல் 12 கிலோ போதும் என்கிறார்கள்.

மெலிவு எது, பருமன் எது? 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து அடிக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கின்படி அவள் 42 கிலோவுக்குக் கீழே இருந்தால் மெலிவு. 42-லிருந்து 56 வரை சாதாரணம். அதற்குமேல் பருமன். 67-ஐத் தாண்டினால் அதிகப் பருமன்.

ஆகவே பஸ் நிலையத்தில் பார்த்த இருவருக்கும் அளவு வேறு வேறு. மெலிந்த மலைப் பெண்ணுக்கு ஏழாவது மாதத்தில் 3 கிலோ என்பது மிகமிகக் குறைவு. டவுன் பெண்ணுக்கு 12 கிலோ என்பது சற்று வேகமாக ஏறியதுதான். அதற்காக அவள் செய்ய வேண்டியது சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துக்கொள்வது, ஆகாரத்தைத் திருத்துவது. பட்டினி கிடப்பது அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் வாந்தியும் மசக்கையும் வாட்டும். எடை ஒன்றிரண்டு கிலோ கூடலாம், கூடாமலும் இருக்கலாம், சிலருக்குக் குறையவும் செய்யும். அதற்குப் பிறகு சாதாரண எடையுள்ளவளுக்கு வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறினால் சரி. தினமும் எடை பார்ப்பது வீண் வேலை. செக்கப்புக்குப் போகும்போது நர்ஸ் பார்த்து அட்டையில் எழுதினால் போதும்.

இரண்டு உயிருக்கு எவ்வளவு சோறு?

"நீ இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்று பாட்டிமார்கள் அன்போடு சொல்வார்கள். அன்பை மதிப்போம். கணக்கைத் திருத்துவோம். வயிற்றுக்குள் இருப்பது முழு ஆள் அல்லவே!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையமும் சொல்லும் கணக்கு இது: நான்காம் மாதத்திலிருந்து கர்ப்பிணிக்குத் தினமும் 350 கலோரி மட்டும் கூடுதலாக வேண்டும். புரதச் சத்து கடைசி மூன்று மாதங்களில் தினம் 22 கிராம் கூடுதலாக வேண்டும்.

350 கலோரி என்றால் எவ்வளவு? ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. அவ்வளவுதான் அந்த "இரண்டாவது உயிரின்" பங்கு! கூடுதலாக வேண்டிய புரதமும் ஏறத்தாழ இந்த மூன்றிலேயே வந்துவிடும். இதற்குப் பதிலாக இன்னொரு தட்டுச் சோறு போட்டால் வயிறு நிறையும், எடை ஏறும், குழந்தைக்கு வேண்டிய சத்து வராது.

பிள்ளை சிறிதானால் பிரசவம் சுலபமா?

மலைப் பெண்ணின் மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியும் ரோடும் இல்லாத காலத்தில், பிரசவத்தில் தாய் இறப்பதைக் கண்ணால் கண்ட தலைமுறையின் பயம் அது. தென்னிந்தியக் கிராமங்கள் பலவற்றில் இந்தப் பயம் இருந்து வந்திருக்கிறது. ஆனால் தாயின் பட்டினியால் பிரசவம் சுலபமாவதில்லை. ரத்தம் குறைந்த தாய், பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்கமாட்டாள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் எல்லாமே ஆபத்து.

ஆபத்து குழந்தைப் பருவத்தோடு முடிவதுமில்லை. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற டாக்டர், ஹெர்ட்ஃபர்ட்ஷயர் என்ற பகுதியில் 1911 முதல் 1930 வரை பிறந்தவர்களின் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்தார். அக்காலத்து நர்ஸுகள் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் அழகாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து முதியவர்களான பிறகு எத்தனை பேர் இருதய நோயால் இறந்தார்கள் என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறக்கும்போது எடை குறைந்திருந்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள்! 1989-இல் இது வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. வயிற்றில் இருக்கும்போது பட்ட பசியை உடம்பு அறுபது வயதிலும் மறப்பதில்லை.

நம் நாட்டில் புனே நகரின் டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 1990-களில் சுற்றுவட்டக் கிராமங்களின் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்தத் தாய்மார்கள் வயல் வேலை செய்கிற மெலிந்த பெண்கள். குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ அளவில்தான் இருந்தது. எந்தத் தாயின் குழந்தை நன்றாக வளர்ந்திருந்தது? அதிகக் கலோரி சாப்பிட்ட தாயின் குழந்தை என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. கீரை, பழம், பால் மூன்றையும் அடிக்கடி சாப்பிட்ட தாயின் குழந்தைதான்!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எவ்வளவு சாப்பிட்டாள் என்பதைவிட என்ன சாப்பிட்டாள் என்பதே பெரிது.

பருமனும் சோகையும் ஒரே வீட்டில்

2019-லிருந்து 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றி என்ன சொல்கிறது? 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் பருமன். நூற்றுக்கு 12 பேருக்கு மேல் மெலிவு. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை!

நூற்றுக்கு 40 பேர் பருத்திருக்கும் நாட்டில் கர்ப்பிணிகள் பாதிப் பேருக்கு ரத்தம் இல்லை என்றால் அது எப்படி? விடை நம் சமையலறையில் இருக்கிறது.

நம் வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். முதலில் ஆண்கள். பிறகு குழந்தைகள். பிறகு மாமியார். கடைசியாக மருமகள். அவள் உட்காரும்போது சோற்றுப் பானையில் சோறு இருக்கிறது. கூட்டுச் சட்டி காலி. கீரை வழித்தெடுத்தாகிவிட்டது. முட்டை பிள்ளைகளுக்குப் போய்விட்டது. குழம்பில் அடிமண்டிதான் பாக்கி. "பரவாயில்லை" என்று மோரை ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நிறையச் சோறு சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள்.

வசதியுள்ள வீட்டில் அந்தச் சோறு நிறைய இருக்கிறது. மாலையில் பஜ்ஜியும் சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கோத்தும் சேருகின்றன. அவள் பருக்கிறாள். ஏழை வீட்டில் அந்தச் சோறும் குறைவு, வேலை அதிகம். அவள் மெலிகிறாள். பருத்தவளுக்கும் மெலிந்தவளுக்கும் கிடைக்காமல் போனது ஒரே பதார்த்தங்கள்தான்: பருப்பு, கீரை, முட்டை, பால், பழம். இரண்டு பேருக்கும் ரத்தசோகை வருவதில் என்ன ஆச்சரியம்?

ஆகவே என் கருத்து இது: கர்ப்பிணியின் எடை அவள் ஒருத்தியின் குற்றமுமல்ல, அவள் ஒருத்தியின் பொறுப்புமல்ல. அது அந்த வீட்டுப் பந்தியின் கணக்கு.

பம்பாயில் நடந்த கதை

இது புதிய விஷயமல்ல. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில லேடி டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஒரு விதமான கொடிய ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. காரணம் கிருமியா என்று தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் தின்னும் ஆகாரத்தைப் பார்த்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட் என்ற மலிவான கருப்புக் களிம்பைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தம் ஊறியது! 1931-இல் அதை உலகத்துக்கு அறிவித்தார்.

அந்தக் களிம்பில் இருந்த சத்துதான் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. அதை 1945-இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியது யாருடைய குழு தெரியுமா? சென்னையில் மருத்துவம் படித்து அமெரிக்கா சென்ற யெல்லாப்பிரகட சுப்பாராவின் குழு! இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையில் அந்த ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளைக்கு அதைச் சாப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்த மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள். சத்து உடம்பில் ஒட்டாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அதை வேறு வேளையில் சாப்பிடுங்கள். நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ எலுமிச்சம்பழச் சாறோ உடன் இருந்தால் இரும்பு நன்றாக ஒட்டும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். மாத்திரையின் குணம் அது.

மலைமேல் என்ன இருக்கிறது?

பஸ் வந்தது. கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே மலை ஏறியது. அந்த மலைப் பெண்ணும் அதே பஸ்ஸில்தான் வந்தாள். வழியெல்லாம் சரிவுகளில் மரவள்ளிச் செடி.

கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்ளும் தமிழர்கள். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அதனால் ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இங்கே தாமதமாகத்தான் வந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022-இல்.

இந்த மக்களின் பழைய ஆகாரம் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, தினை, மொச்சை, அவரை, காட்டுக் கீரைகள், தேன், பலா. இன்று மரவள்ளி விற்று வரும் பணத்தில் அரிசிச் சோறு வந்துவிட்டது. மரவள்ளி பணப் பயிர். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. பணம் வருவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கிழங்கையும் வெள்ளை அரிசியையும் மட்டும் நம்பினால் வயிறு நிறையும், ரத்தம் ஊறாது. 100 கிராம் மரவள்ளிக் கிழங்கில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம்தான். அதே அளவு கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மட்டும் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே மலைச் சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான்: டவுனிலிருந்து டப்பா மாவு வாங்க வேண்டாம். உங்கள் பாட்டி கிண்டிய கேழ்வரகுக் களியும், மொச்சைக் குழம்பும், முருங்கைக் கீரையும் டப்பாவைவிட உயர்ந்தவை. வீட்டுக் கோழி இடும் முட்டையைச் சந்தைக்கு அனுப்புவதற்கு முன் ஒன்றை எடுத்து வையுங்கள். அது யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் சுமந்து மேடு ஏறுகிறவளுக்கு, சாப்பிடுவதெல்லாம் அந்த உழைப்புக்கே செலவாகிவிடும். குழந்தைக்கு மிஞ்சாது. ஏழாம் மாதத்துக்குப் பிறகாவது அந்தச் சுமையை வீட்டு ஆண்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். டவுன் பெண்ணுக்கு இது நேர்மாறு. அவள் நடக்க வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், தினம் அரை மணி நேரம் நடப்பது அவளுக்கு மருந்து.

தட்டில் என்ன வைப்பது?

பெரிய செலவில்லாத ஒரு பட்டியலைச் சொல்கிறேன்.

காலையில் இட்லி, தோசை, கேழ்வரகு அடை இவற்றில் ஏதாவது ஒன்று. உடன் வேர்க்கடலைச் சட்டினி அல்லது சாம்பார். பத்து மணிக்கு ஒரு கொய்யாவோ வாழைப்பழமோ. பகலில் அளவான சோறு, கெட்டியான பருப்புக் குழம்பு, ஒரு கரண்டி அல்ல ஒரு கிண்ணம் கீரை, ஒரு காய், மோர். மாலையில் அவித்த பச்சைப்பயறோ கொள்ளோ கடலையோ ஒரு கைப்பிடி. ராத்திரியில் பகலைவிடச் சற்றுக் குறைந்த ஆகாரம். உடன் ஒரு முட்டை. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வாரம் இரண்டு நாள் மீனோ கறியோ சேர்க்கலாம். முட்டை சாப்பிடாதவர்கள் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம்.

பருத்தவள் இந்தப் பட்டியலில் குறைக்க வேண்டியவை மூன்று: சோற்றின் அளவு, எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை. குறைக்கக் கூடாதவை: பருப்பு, கீரை, காய், பால், முட்டை. மெலிந்தவள் இவற்றோடு ஒரு வேளைக் களியோ கஞ்சியோ, ஒரு உருண்டை எள்ளோ கடலையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். மசக்கையால் ஒரே நேரத்தில் சாப்பிட முடியாதவர்கள் மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பது வெறும் நம்பிக்கை. அந்தக் காசுக்கு எத்தனை கட்டுக் கீரை வரும் என்று கணக்குப் பாருங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

மெதுவாக ஏறும் எடைக்குப் பயப்பட வேண்டாம். திடீரென்று ஏறும் எடையை அலட்சியம் செய்ய வேண்டாம். ஒரே வாரத்தில் எடை தாவி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ இருந்தால் அது சாப்பாட்டுக் கோளாறு அல்ல. ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது. மாதக்கணக்கில் எடையே ஏறாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. சென்னை டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்களின் முயற்சியால் இந்த எளிய முறை நம் நாட்டில் பரவியது. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-லேயே தமிழ்நாடு முடிவு செய்தது. ஒல்லியானவளுக்கும் இது வரும். ஆகவே "எனக்கு எதற்கு?" என்று நழுவக் கூடாது.

அரசு கொடுப்பது யாருக்கு?

"ஏழை வீட்டில் முட்டைக்கும் பாலுக்கும் எங்கே போவது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊட்டச்சத்தில் பாதிப் பிரச்சினை வறுமைதான், மறுக்கவில்லை. அதற்காகத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987 முதல் மகப்பேறு நிதி உதவித் திட்டம் நடக்கிறது. 2018-லிருந்து அதன் மதிப்பு 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் ரொக்கம். மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச் சத்து டானிக் எல்லாம் அதில் இருக்கின்றன. அங்கன்வாடியிலும் கர்ப்பிணிக்குச் சத்துமாவு உண்டு. கர்ப்பம் தெரிந்ததும், 12 வாரத்துக்குள், கிராமச் சுகாதார நர்ஸிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் பெட்டகம் வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? நெய் எல்லாருடைய சோற்றிலும் விழுகிறது. பேரீச்சம்பழத்தைப் பிள்ளைகள் தீர்த்துவிடுகிறார்கள். சத்துமாவு மாமனாருக்குக் கஞ்சியாகிறது. கர்ப்பிணிக்கு மிஞ்சுவது டானிக். அது கசப்பாக இருப்பதால்! பணமும் பெட்டகமும் வீட்டு வாசல்வரைதான் வரும். வாசலிலிருந்து அவளுடைய தட்டுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டாரின் வேலை.

முதல் பந்தி

வளைகாப்பன்று ஐந்து வகைச் சாதம் கிண்டி, வளையல் அடுக்கி, அவளை மணையில் உட்காரவைத்து முதலில் பரிமாறுகிறோம். கண் நிறைந்த காட்சிதான். ஆனால் கர்ப்ப காலம் 280 நாள். அதில் ஒரு நாள் ராணி. மற்ற நாளெல்லாம் கடைசிப் பந்தி என்றால் அது என்ன நியாயம்?

வளைகாப்பின் அந்த ஒரு நாள் வழக்கத்தை மற்ற நாட்களுக்கும் நீட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதல் தட்டு அவளுக்கு. கீரையில் முதல் கரண்டி அவளுக்கு. முட்டை ஒன்றுதான் என்றால் அது அவளுக்கு. இதற்குச் சட்டம் வேண்டாம், செலவு வேண்டாம், பரிமாறும் வரிசையை மாற்றினால் போதும்.

மாமியார்களே, "பிள்ளை பெரிசாகிவிடும்" என்று பயமுறுத்தாதீர்கள். நாத்தனார்களே, "ஊதிவிட்டாய்" என்று கேலி செய்யாதீர்கள். கணவன்மார்களே, ராத்திரி நீங்கள் சாப்பிட உட்காரும்போது, "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டுக் கையை நனையுங்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் அந்த மலைப் பெண் இறங்கினாள். இறங்குவதற்கு முன், கணக்கெல்லாம் சொல்லாமல், குழந்தை பெரிதாகிவிடும் என்ற பயம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ரத்தம் இருந்தால்தான் பிரசவத்துக்குத் தெம்பு என்றும் சொன்னேன். "அப்போ ராத்திரியும் வயிறாரச் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். சாப்பிடலாம் என்றேன். "அப்பாடா!" என்று சிரித்தாள்.

இரண்டு மாதமாக அவளுக்குப் பசித்துக்கொண்டிருந்தது என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.